வேகக் காரின் கிளட்ச்சும் இலகு ஃபிளைவீலும்

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வரும் சாலை இவ்வூரைக் கடந்து காரவள்ளியை அடைகிறது. அங்கிருந்து செம்மேட்டை நோக்கிய மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுக்கு வளைவு முதல் கியரும் இரண்டாம் கியரும் மாறி மாறி விழும் இத்தகைய பாதையில் ஒரு வண்டியின் கிளட்ச் எப்படிப்பட்டது என்பது சில கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் என்பதால், ‘பிளேட் போயிடுச்சு’ என்ற சொல் இங்கு விளக்கம் தேவைப்படாதது.

இஞ்சினின் கிராங்க் ஷாப்ட் முனையில் பூட்டப்பட்ட கனமான சக்கரமே ஃபிளைவீல். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட்டை பிரஷர் பிளேட் அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. தொடக்கக் காலக் கார்களில் தோல் போர்த்திய கூம்பு வடிவக் கிளட்ச்சுகள் இருந்தன. அவை திடீரெனக் கவ்வும். தோல் காய்ந்தால் வழுக்கும். 1903இல் அமெரிக்காவில் தொடங்கிய போர்க் அண்ட் பெக் போன்ற நிறுவனங்கள் தட்டு வகைக் கிளட்ச்சைப் பரப்பின. 1965இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட லுக் நிறுவனம் ஐரோப்பாவில் டயாஃபிரம் ஸ்பிரிங் கிளட்ச்சை முன்னெடுத்தது. பல சுருள்வில்களின் வேலையை ஒரே வட்டத் தகடு செய்ததால் பெடல் மிருதுவானது. இதே நிறுவனம் 1985இல் இரட்டை நிறை ஃபிளைவீலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் ஓசூரிலும் இந்நிறுவனத்தின் ஆலை அமைந்தது.

தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பால் வளர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரம் அதன் களமானது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்த ஆண்டுகளில் வெளிநாட்டுப் பந்தய உதிரிகளை வாங்குவது எளிதல்ல. எனவே கையில் கிடைத்த உள்நாட்டு இஞ்சினை லேத்தில் கடைந்தும் தேய்த்தும் கூர்மைப்படுத்துவதே வழியாயிற்று. கோயம்புத்தூரின் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் இதற்குத் துணைநின்றன. பஞ்சாலைக்கும் பம்புசெட்டுக்கும் பழகிய கைகள் அவை.

அந்த ஊரின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1988இல் ஃபார்முலா மாருதி வகைக் காரை உருவாக்கினார். 796 சிசி மாருதி 800 இஞ்சினைக் கொண்ட ஒற்றை இருக்கைக் கார் அது. ஊர்க் கடையில் கிடைக்கும் பாகங்களால் ஓடும் என்பதுதான் அதன் உண்மையான புதுமை. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் பந்தயத்தில் கால்வைத்ததும் ஃபார்முலா மாருதி வழியாகத்தான். கரிவரதன் 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். கோவை அருகே செட்டிப்பாளையத்துத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது.

ஃபிளைவீலைக் குறைப்பதால் இஞ்சினின் குதிரைத்திறன் கூடுவதில்லை. இஞ்சின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளச் செலவிடும் விசைதான் மிச்சமாகிறது. இதைக் கணக்காகவே பார்க்கலாம். 13 செ.மீ. ஆரமும் 8 கிலோ எடையும் கொண்ட சீரான வட்டை, அதே ஆரத்தில் 5 கிலோவாக்குவதாகக் கொள்வோம். முதல் கியரில் மொத்தப் பல்விகிதம் 14.35, டயர் ஆரம் 28 செ.மீ. என்றால், முடுக்கத்தில் காரிலிருந்து ஏறக்குறைய 66 கிலோவை இறக்கிவைத்ததற்கு அது சமம். மொத்த விகிதம் 3.28 ஆகும் ஐந்தாம் கியரிலோ பலன் மூன்றரைக் கிலோதான். கியர் விகிதத்தின் வர்க்கத்தோடு பலன் பெருகுவதே காரணம். விளிம்பில் எடுக்கும் 100 கிராம், நடுவில் எடுக்கும் 100 கிராமைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

இதற்கு விலையும் உண்டு. சேமித்து வைக்கும் சுழல் விசை குறைவதால் ஐடிலில் இஞ்சின் நடுங்கும். 180 பாகைக்கு ஒருமுறை எரியும் நான்கு சிலிண்டர் இஞ்சினைவிட, 240 பாகைக்கு ஒருமுறை எரியும் மூன்று சிலிண்டர் இஞ்சினில் இது கூடுதல். காரவள்ளிக்கு மேலே ஒரு வளைவில் எதிரே வரும் பேருந்துக்காக நின்று மீண்டும் ஏற்றத்தில் எடுக்கும்போது, இலகு ஃபிளைவீல் கொண்ட கார் எளிதில் அணைந்துபோகும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்ச்சைப் பாதியில் பிடிக்க, பிளேட் சூடேறிக் கருகும். தடத்தில் நொடிகளை மிச்சப்படுத்தியது மலையில் பிளேட்டைத் தின்னும்.

கிளட்ச் தாங்கும் முறுக்குவிசையை உராய்வுக் கெழு, அழுத்தவிசை, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் முடிவுசெய்கின்றன. அழுத்தவிசையைக் கூட்டுவது மலிவான வழி. ஆனால் பெடல் கனக்கும். கிராங்க் ஷாப்டின் த்ரஸ்ட் பேரிங் தேயும். ஆர்கானிக் லைனிங் மெதுவாகக் கவ்வும், அதிகச் சூட்டில் தளரும். பொத்தான் வடிவ உலோகப் பீங்கான் பிளேட் சூட்டைத் தாங்கும், ஆனால் புறப்படும்போது வண்டியை உலுக்கும். இரண்டு பிளேட் போட்டால் உராயும் முகங்கள் நான்காகும். பெடலைக் கனக்கவைக்காமல் பிடி கூடும். சாலையிலும் ஓடும் காருக்கு ஸ்பிரிங் மையம் கொண்ட ஆர்கானிக் பிளேட்டே பொருத்தம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இரட்டை நிறை ஃபிளைவீலை எடுத்துவிட்டு ஒற்றை நிறை வட்டைப் போடுவோருக்கு அந்த ஸ்பிரிங் இன்னும் அவசியம். இல்லையேல் கியர்பாக்ஸ் கலகலக்கும்.

எடையைவிடப் பெரிய கேள்வி உயிர் பற்றியது. தொழிற்சாலை ஃபிளைவீல்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலானவை. இழுவிசையில் வார்ப்பிரும்பு பலவீனமானது. அளவுக்கு மீறிக் கடைந்த வட்டு உயர் சுழற்சியில் வெடித்தால் துண்டுகள் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கால்பக்கம் பாயும். சுழல்வேகம் இரட்டித்தால் உள்ளே எழும் இறுக்கம் நான்கு மடங்காகிறது. 1970இல் அமெரிக்க டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் தன் காரின் டிரான்ஸ்மிஷன் வெடித்ததில் வலப்பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அதன்பின் அவர் இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த கார் அத்துறையையே மாற்றியது. இன்று உருக்கிலோ, உருக்கு முகம் பதித்த அலுமினியத்திலோ செய்த வட்டுகளே பந்தயத்துக்கு ஏற்றவை. எஸ்எஃப்ஐ 1.1 என்னும் அமெரிக்கத் தரக்குறி இவற்றில் பார்க்க வேண்டிய ஒன்று. பூட்டுமுன் பேலன்ஸ் பார்ப்பதும், பூட்டியபின் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி லைனிங்கைப் படியவைப்பதும் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் நடைமுறை.

பந்தயத் தடத்தில் அந்தந்தப் பிரிவின் விதியே இம்மாற்றங்களுக்கு எல்லை வகுக்கிறது. சாலையில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உள்ளது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஃபிளைவீலின் எடை பதிவுச் சான்றில் இடம்பெறுவதில்லை. காரின் உத்தரவாதம் மட்டும் தனிக்கதை.