சிங்கி சொன்ன குறியும் சிங்கன் விரிச்ச வலையும்

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்க்காத நெல்லைக்காரங்க கம்மிதான். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம். அங்கே ராஜகுமாரியைத் தூக்கிட்டுப் போற குறவன் சிலை ஒண்ணு உண்டு. நாயக்கர் காலத்து வேலை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது வேதநாயக சாஸ்திரியார். பெருமாள் கோயில் குறவனுக்கும் கிறிஸ்தவக் கவிராயருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு.

நம்ம பக்கத்து மண்ணில் குறவனும் குறத்தியும் கல்லில் மட்டும் நிற்கவில்லை, பாட்டிலும் வந்தாங்க. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடினார். கதை சின்னதுதான். உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி மயங்குகிறாள். சிங்கி என்கிற குறத்தி வந்து கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். அப்புறம் அவளைத் தேடி சிங்கன் வருகிறான், கண்ணி வைத்துப் பறவை பிடிக்கப் பார்க்கிறான். மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இதுக்காகக் கொடுத்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு'ன்னே பேர்.

குற்றாலத்திலிருந்து இறங்குகிற சிற்றாறு சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கும். அதே மாதிரி இந்தப் பாட்டு வடிவமும் கீழே இறங்கி வேறொரு ஆற்றில் கலந்தது.

1774ல் திருநெல்வேலியில் பிறந்தவர் வேதநாயகம். அப்பா தேவசகாயம், சைவ வேளாளராக இருந்து கிறிஸ்தவர் ஆனவர். 1785ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். குளோரிந்தா என்கிற பிராமண விதவை கட்டின கோயிலைப் பிரதிஷ்டை செய்த அதே வருஷம். பையன் கெட்டிக்காரன்னு பார்த்து, தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வைத்தார். அங்கே கூடப் படித்தவர் பின்னாளில் ராஜாவான இரண்டாம் சரபோஜி.

1800 வாக்கில் வேதநாயகர் எழுதினதுதான் பெத்லகேம் குறவஞ்சி. தலைவி சீயோன் மகள் தேவமோகினி, தலைவர் பெத்லகேம் நாதர். குறி சொல்ல வருவது ஞானச் சிங்கி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்கிற ஐரோப்பிய வான சாஸ்திரத்தையும் உள்ளே நுழைத்துவிட்டார் மனுஷன் :-) கடைசியில் சிங்கனும் வருகிறான். அவன் விரிக்கும் வலை சுவிசேஷம், பறவைகள் நாம்!

எனக்குச் சுவாரஸ்யம் இங்கேதான். ஒருத்தர் தன் நம்பிக்கையை இன்னொருத்தருக்குச் சொல்றதுக்கு ரெண்டு படம் இதில் இருக்கு. சிங்கி வாசலில் நின்று, கையைக் கேட்டு வாங்கி, எதிரில் இருக்கிறவள் மனசில் ஏற்கெனவே இருக்கிற ஏக்கத்துக்குப் பேர் சொல்கிறாள். சிங்கன் வலை விரிக்கிறான், எத்தனை விழுந்ததுன்னு எண்ணுகிறான். கிறிஸ்தவர் அல்லாத ஒருத்தருக்கு வலையில் விழுந்த பறவை உவமை இனிக்குமா? கிருஷ்ணாபுரம் குறவன் தோளில் இருக்கிற ராஜகுமாரி தானே போகிறாளா, தூக்கிட்டுப் போறானா? நெல்லையில் மதமாற்றம் பற்றின எல்லாச் சண்டையும் இந்த ஒரு கேள்விதானே அய்யா.

இன்னொரு சங்கடமும் உண்டு, மறைக்கக் கூடாது. 1820களில் தஞ்சாவூரில் புது மிஷனரிகள் வந்து, கோயிலில் சாதி பார்த்து உட்காரக் கூடாது என்றார்கள். கூடவே தமிழ்ப் பாட்டும் வேண்டாம், பூவும் வேண்டாம் என்றார்கள். பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் திருத்தின புது வேதாகம மொழிபெயர்ப்பையும் கொண்டு வந்தார்கள். சாஸ்திரியார் எல்லாத்தையும் சேர்த்தே எதிர்த்தார். 1829ல் வேலை போனது, சரபோஜிதான் கைகொடுத்தார். தமிழ்ப் பாட்டுக்காக அவர் நின்றது நியாயம். ஆனா சாதி வரிசைக்காகவும் நின்றார். தேவனுடைய சேதியைச் சொல்ல ஒரு குறத்தியை மேடை ஏற்றினவர், நிஜக் குறத்தி ஒருத்தி ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மிஷனரிகள் சமத்துவம் பேசினாங்க, பாட்டைத் தள்ளினாங்க. இவர் பாட்டைக் காப்பாற்றினார், சமத்துவத்தைத் தள்ளினார். ரெண்டு பக்கமும் பாதி பாதி.

1864ல் அவர் காலமானார். அவர் பாட்டுகள் நெல்லைச் சீமைக் கோயில்களில் இன்னிக்கும் ஒலிக்குது. கலை அதைச் செய்தவரைவிடப் பெரிசுன்னு சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கலை. அவர் படைத்த சிங்கி, அவர் போகாத இடத்துக்கும் போய்க் குறி சொல்லிட்டிருக்கா.

ஒண்ணு கவனிச்சீங்களா? குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் மனசெல்லாம் சிங்கி மேல. பறவையெல்லாம் தப்பிப் பறந்து போயிடும். சிங்கி இல்லாத சிங்கனுக்கு வலை மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்?

நீங்க யார் கட்சி? சிங்கியா, சிங்கனா?