குழாய் இல்லாத ஆர்கனும் எங்கள் அண்ணனும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஊர் குரங்கணி. போடிநாயக்கனூரிலிருந்து மலையடிவாரம் வந்தால், டாப் ஸ்டேஷனுக்கு நடைபாதை ஏறுகிற இடம். இந்தத் தடவை அக்கவுண்டன்சி இல்லை, கொஞ்சம் சரித்திரம். பயப்படாமல் படியுங்கள்.

எங்கள் ஊரில் குழாய் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று தண்ணீர்க் குழாய். இன்னொன்று திருவிழாவுக்கு மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர். இரண்டு மேடு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கும் நாயனம் தெளிவாகக் கேட்கும். ஆனால் தவிலின் தொப்பிப் பக்கத்து 'தொம்' மட்டும் வராது. கூம்பின் வாய் அகலத்தைப் பொறுத்துத்தான் எவ்வளவு கீழான சுருதி வெளியே வரும் என்பது. சின்ன வாய்க்குக் கனத்த ஒலி அடங்காது.

என் பெரியம்மா மகன் மூன்றாவது குழாய் ஒன்றைக் கண்டுபிடித்தார்: பைப் ஆர்கன். அண்ணன் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். ஒருமுறை சென்னை போனபோது எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் ஆர்கன் கேட்டிருக்கிறார். அந்தக் கட்டடம் 1821-ல் திறக்கப்பட்டது. ஆர்கன் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து பீட்டர் கோனாச்சர் நிறுவனம் செய்து, 1883-ல் வந்து சேர்ந்தது. "காதுல கேக்கலடா தம்பி, நெஞ்சுல கேட்டுச்சு" என்றார்.

அவர் சொன்னது மிகையில்லை. 16 அடி நீளமுள்ள திறந்த குழாய் எழுப்பும் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 33 அதிர்வு. அந்த அலையின் நீளம் 10 மீட்டருக்கு மேல். வீட்டுக்குள் அப்படிக் குழாய் நிறுத்த முடியுமா? முடியாது. அதனால் இப்போது மென்பொருள் வந்திருக்கிறது. பழைய ஆர்கன்களின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கீபோர்டில் விரல் வைத்ததும் அந்தந்த ஒலியைக் கொடுக்கும். ஹாப்ட்வெர்க் என்பது காசு கொடுத்து வாங்குவது. கிராண்ட்ஆர்கு இலவசம். அண்ணன் இரண்டாவதை இறக்கிக்கொண்டார்.

மீதி ஸ்பீக்கர்தான். ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்துச் சேர்த்த 18,000 ரூபாயோடு கடைக்குப் போனார். கடையில் போட்டுக் காட்டிய பெட்டி தரையையே அதிரவைத்தது. அட்டையில் 2,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்து. வீட்டுக்கு வந்து ஆர்கனை வாசித்தால்... ஒரே 'டம் டம்'. ஒரு சுவரம் வீடு இடிகிற மாதிரி, அடுத்த சுவரம் காணோம்! அண்ணன் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

இங்கேதான் சரித்திரம் வருகிறது. அண்ணனுக்கு நடந்தது 1937-லேயே ஒருவருக்கு நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் 1935-ல் குழாயே இல்லாத மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார. உள்ளே பல்சக்கரங்கள் சுழன்று மின் அலைகளை உண்டாக்கும், ஒலிப்பெட்டி அதை ஓசையாக்கும். இது பைப் ஆர்கனுக்குச் சமம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்நாட்டு வர்த்தக ஆணையம் "அது எப்படிச் சமம்?" என்று வழக்குப் போட்டது. பி.காம். மாணவன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது!

1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் தேவாலயத்தில் ஒரு சோதனை. 75,000 டாலர் மதிப்புள்ள பைப் ஆர்கன் ஒரு பக்கம், 2,600 டாலர் ஹாமண்ட் ஒரு பக்கம். எது எது என்று பார்க்காமல் கேட்டுச் சொல்ல வேண்டும். மாணவர்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி தவறாகச் சொன்னார்கள், அதாவது பூவா தலையா போட்ட மாதிரி. இசை அறிந்தவர்களே மூன்றில் ஒரு பங்கு தவறினார்கள். ஆனாலும் 1938-ல் ஆணையம், பைப் ஆர்கனின் எல்லா ஒலி வண்ணங்களும் இதில் வரும் என்பது போன்ற விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது.

சோதனையில் ஹாமண்ட் எப்படித் தாக்குப் பிடித்தது? அந்தப் பெரிய கட்டடமும் அதற்கு உதவியது என்பது என் கருத்து. உயரமான கல் மண்டபத்தில் ஓசை சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் அழகாக்கிவிடும்.

இதே 1937-ல் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் டொனால்ட் லெஸ்லி என்பவர் பெரிய கடை ஒன்றில் ஹாமண்ட் வாசிக்கக் கேட்டு மயங்கி, ஒன்று வாங்கினார். வீட்டு அறையில் வைத்தால் சப்பென்று இருந்தது! அவர் அண்ணன் மாதிரி பேசாமல் உட்காரவில்லை, யோசித்தார். பைப் ஆர்கனில் ஒவ்வொரு சுவரமும் வேறு வேறு குழாயிலிருந்து, வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது. பெட்டியிலோ எல்லாம் ஒரே ஓட்டை வழியாக. அப்படியானால் ஒலியை நகர்த்திப் பார்ப்போம் என்று சுழலும் ஸ்பீக்கரைச் செய்தார். மேல்ஸ்தாயிக்குச் சுழலும் கூம்பு, கீழ்ஸ்தாயிக்குச் சுழலும் உருளை. ஹாமண்டிடம் கொண்டுபோய்க் காட்டினார், அவர்கள் வேண்டாம் என்றார்கள். லெஸ்லி தானே தயாரித்து விற்றார். வாசிப்பவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். கடைசியில் 1980-ல் ஹாமண்ட் நிறுவனமே லெஸ்லி பெட்டியின் உரிமையை வாங்கிக்கொண்டது.

எனக்கு இதில் புரிந்தது ஒன்றுதான். குழாயை எடுத்துவிட்டால் ஸ்பீக்கரும் அறையும்தான் வாத்தியத்தின் உடம்பு. கீபோர்டும் கம்ப்யூட்டரும் வெறும் விரல். சத்தம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. எல்லாச் சுவரமும் ஒரே அளவாக வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அந்த 2,000 வாட்ஸ் கதையும் அப்படித்தான். பி.எம்.பி.ஓ. என்பதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அண்ணன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் பொடி எழுத்தில் 40!

கடையில் திருப்பி எடுக்கவில்லை. தெரிந்தவர் ஒருவருக்கு 9,000-க்குக் கொடுத்தோம். அதோடு கொஞ்சம் போட்டு ஸ்டுடியோக்களில் வைக்கிற சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பழையது, வாங்கினோம். அவற்றைக் காது உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி, மூலை பக்கம் போகாமல் வைத்தோம். மூலையில் வைத்தால் கீழ்ஸ்தாயி வீங்கிக்கொள்ளும், அதுதான் அந்த 'டம் டம்'. 16 அடிக் குழாயின் அடிச் சுவரம் இதில் முழுதாக வராது. அதற்கு நல்ல சப்ஊஃபர் வேண்டும், அடுத்த ஏலக்காய் சீசன் வரட்டும்.

நேற்று ராத்திரி அண்ணன் வாசித்தார். எல்லாச் சுவரமும் இருந்தது. "நெஞ்சுக்கு இன்னும் வரலடா. ஆனா காதுக்கு வந்துருச்சு" என்றார். எதிர் வீட்டு அப்பத்தா, "யாரு வீட்டுல நாயனம்?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டது :)

கடையில் கேட்டதை நம்பி வாங்கி ஏமாந்த கதை உங்களுக்கும் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். கடை பெயர் மட்டும் வேண்டாம். அடுத்த பதிவில் சந்திப்போம்!