எஸ்.பி. ரோடும் வன்தட்டு அடாப்டரும்

பெங்களூரு டவுன் ஹாலுக்கு அருகே, பழைய பேட்டைப் பகுதியில் அமைந்த சாதர் பத்ரப்பா சாலை, மக்கள் வழக்கில் எஸ்.பி. ரோடு, இரும்புச் சாமான்களும் இயந்திர உதிரிபாகங்களும் விற்ற தெருவாக இருந்து, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் நகரில் தன் மையத்தைத் தொடங்கியதற்குப் பிந்தைய கணினிப் பெருக்கத்தோடு கணினிப் பாகங்களின் சந்தையாகவும் வளர்ந்தது. புதுக் கணினிகளின் விற்பனையை மட்டும் பார்த்தால் அச்சந்தையின் கதை பாதிதான் கிடைக்கும். பழுதான கணினியைக் கழித்துக்கட்டிய பிறகும் அதன் வன்தட்டில், அதாவது தரவைக் காந்தப் பதிவாகச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கில், கணக்குகளும் படங்களும் எஞ்சியிருந்தன; அவற்றை மீட்கும் தேவையே, கழற்றிய வன்தட்டை வேறொரு கணினியின் யூ.எஸ்.பி. துளையில் இணைக்கும் அடாப்டருக்கு அங்கே இடம் தேடித் தந்தது.

1986 அளவில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பாக் முதலிய நிறுவனங்கள் உருவாக்கிய ஐ.டி.இ. இணைப்பு, 40 ஊசிகளும் சுமார் 45 செ.மீ. நீளத்துக்குள் அடங்கவேண்டிய பட்டை கேபிளும் கொண்டு, பெட்டிக்குள் ஒருமுறை பொருத்தினால் அசையாது கிடப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. வெளியிலிருந்து செருகிக் கழற்றும் யூ.எஸ்.பி. 1996இல் வந்தபோதிலும், அதன் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் 40 ஜி.பி. தட்டு ஒன்றைப் படியெடுக்க ஏழு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால், 480 மெகாபிட் வேகம் தந்த யூ.எஸ்.பி. 2.0 (2000) வந்த பின்னரே இவ்வகை அடாப்டர் பரவலாகப் பயன்படும் பொருளாயிற்று.

பார்வைக்கு வெறும் ஒயர் போலத் தோன்றும் இக்கருவிக்குள் ஒரு பாலச் சில்லு இருக்கிறது, கணினி யூ.எஸ்.பி. வழியே அனுப்பும் ஸ்கசி வகைக் கட்டளைகளை அது வன்தட்டுக்குப் புரியும் ஏ.டி.ஏ. கட்டளைகளாக மாற்றித் தருகிறது. மின்சாரம் தனிச் சிக்கல். மேசைக் கணினியின் 3.5 அங்குலத் தட்டுக்கு மோட்டாரைச் சுழற்ற 12 வோல்ட் வேண்டும், அன்றைய யூ.எஸ்.பி. துளையோ 5 வோல்ட் மட்டுமே தந்தது. ஆகவே அந்த அடாப்டரோடு சுவரில் செருகும் பவர் அடாப்டரும் சேர்ந்தே வந்தது. மடிக்கணினியின் 2.5 அங்குலத் தட்டுக்கு 5 வோல்ட் போதுமென்றாலும், சுழலத் தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் யூ.எஸ்.பி. 2.0 வரையறுத்த 500 மில்லிஆம்பியரைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், இரு யூ.எஸ்.பி. முனைகள் கொண்ட கேபிள் வழக்கத்துக்கு வந்தது.

ஐ.டி.இ.க்குப் பதிலாக வந்த, தரவுக்கு 7, மின்சாரத்துக்கு 15 தொடுமுனைகள் கொண்ட சாட்டா இணைப்பு 2003 முதல் பரவியதும், மேசைக் கணினித் தட்டின் 40 ஊசி, மடிக்கணினித் தட்டின் 44 ஊசி, சாட்டா என்னும் மூன்றையும் ஏற்கும் அடாப்டர்கள் சந்தைக்கு வந்தன. பழைய பாலச் சில்லுகள் பல 2 டி.பி.க்கு மேற்பட்ட தட்டுகளை முழுமையாகக் கையாளவில்லை. சில, தரவு பதியும் துண்டின் (செக்டர்) அளவை 512 பைட்டுக்குப் பதில் 4096 பைட்டாகக் காட்டிச் சமாளித்ததால், ஓர் அடாப்டரில் பதிந்த தட்டை வேறொன்றில் செருகினால் வெறுமையாகத் தெரிந்தது. பிற்காலத்து வெளித் தட்டுகள் சிலவற்றில் சாட்டா முனையே கிடையாது, யூ.எஸ்.பி. துளை தட்டின் மின்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், தரவும் அங்கேயே மறையாக்கம் பெறும். பலகை பழுதானால் எந்த அடாப்டரும் உதவாது. அதே மாதிரிப் பலகையைத் தேடிப் பிடித்து, பழையதன் நினைவகச் சில்லைப் பெயர்த்து அதில் பற்றவைக்க வேண்டியிருக்கும்.