காற்றின் புறம்போக்கு

2010 ஜூலை 15. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சின்ன ஊர். அங்குள்ள 'ஓல்ட் கோர்ஸ்' மைதானத்தில் ஓபன் கோல்ஃப் போட்டியின் முதல் நாள். 21 வயது ரோரி மெக்கில்ராய் பதினெட்டுக் குழிகளையும் 63 அடிகளில் முடித்தார். அந்த மைதானத்துக்கு வகுத்த கணக்கு 72. கோல்ஃபில் குறைவாக அடிப்பவர்தான் கெட்டிக்காரர், ஆக இது அபாரமான ஆட்டம். மறுநாள் அதே ஆள், அதே குழிகள். 80 அடிகள்! இடையில் வேறென்ன மாறியது? காற்று வீசத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

2015-இல் அதே இடத்தில் இன்னும் மோசம். நிறுத்திய இடத்தில் பந்து நிற்கவில்லை, காற்று தள்ளிக்கொண்டே போனது. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்திவைத்தார்கள். ஞாயிறன்று முடிய வேண்டிய போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது.

இப்படிக் காற்றடிக்கும் இடத்தில் போய் எதற்காக மைதானம் அமைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால், யாரும் உட்கார்ந்து வரைபடம் போட்டு அதை அமைக்கவில்லை. அந்த ஊருக்கு மிஞ்சிக் கிடந்த நிலம் அது.

கடல் பின்வாங்கும்போது மணலை விட்டுச்செல்கிறது. அதைக் காற்று மேடும் பள்ளமுமாகக் குவிக்கிறது. காலப்போக்கில் அதன்மேல் குட்டையான, முரட்டுப் புல் படர்கிறது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே இப்படிக் கிடக்கும் நிலத்தை ஸ்காட்லாந்தில் 'லிங்க்ஸ்' என்பார்கள். நாம் தினமும் சொடுக்கும் லிங்க் வேறு, இது மேடு என்ற பொருள்கொண்ட பழைய சொல்லிலிருந்து வந்தது. உழவுக்கு உதவாது. உப்புக்காற்றில் மரமும் சரியாக வளராது. ஆடு மேயலாம், முயல் வளை தோண்டலாம், துணி காயப்போடலாம், பந்து அடிக்கலாம். நம்மூரில் இதற்குப் 'புறம்போக்கு' என்று பெயர். இன்று அதை வசவாக்கிவிட்டோம். தனி ஒருவருக்குச் சொந்தமாகாமல் ஊரே புழங்கிய நிலம் என்பது அதன் பழைய அர்த்தங்களில் ஒன்று.

மைதானத்தின் உருவத்தைத் தீர்மானித்ததும் இந்தப் புழக்கம்தான். புல்லை ஆடும் முயலும் கடித்துக் கடித்து மட்டப்படுத்தின. 'பங்கர்' என்கிற மணல் பள்ளங்கள், ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிய இடங்களில் உருவானவை என்று சொல்வார்கள். ஊரிலிருந்து கடலோரமாகவே போய், வந்த வழியே திரும்ப வேண்டும். அதனால், போகும்போது முதுகில் தள்ளிய காற்று திரும்பும்போது முகத்தில் அறையும். சில நாள் காற்றும் நடுவழியில் திசைமாறும், அன்று இரண்டு பக்கமும் எதிர்க்காற்றுதான். பந்தை உயரத் தூக்கியவர் தொலைந்தார். தரையோடு உருட்டத் தெரிந்தவருக்கே பிழைப்பு.

இந்த ஆட்டம் அரசாங்கத்துக்குப் பிடித்ததாகவும் இருக்கவில்லை. 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் சேர்த்தே தடைசெய்தது. இளைஞர்கள் வில்வித்தை பழகாமல் பந்தின் பின்னால் ஓடினால் இங்கிலாந்தோடு யார் சண்டை போடுவது என்ற கவலை. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் மேலும் இரண்டு முறை தடைபோட வேண்டியிருந்தது. தடையை ஜனங்கள் எந்த லட்சணத்தில் மதித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊர்க்காரர்களின் உரிமை காகிதத்தில் ஏறியது 1552-இல். பேராயர் ஜான் ஹாமில்டனுக்கு அந்த மணல்வெளியில் முயல் வளர்க்க ஆசை. நிலமோ ஊர் புழங்குவது. முயல் வளர்க்க ஊர் சம்மதித்தது. பதிலுக்கு, ஊரார் அங்கே கோல்ஃபும் கால்பந்தும் ஆடலாம், அம்பு எய்யலாம், ஆடு மாடு மேய்க்கலாம் என்று பேராயர் ஒப்புக்கொண்டார். ஒரு பெரிய மனிதரின் முயல் ஆசையால் பொதுமக்களின் உரிமைக்குப் பத்திரம் கிடைத்தது.

அதே முயல்களால் அந்த உரிமை பறிபோகவும் பார்த்தது. 1797-இல் கடனில் மூழ்கிய நகர சபையின் கையைவிட்டு நிலம் போனது. வணிகத்துக்கு முயல் வளர்ப்பவர்கள் உள்ளே வந்தார்கள். திரும்பின பக்கமெல்லாம் வளை. அடித்த பந்து எந்தப் பொந்துக்குள் போனது என்று தேடுவதே ஆட்டமாகிவிட்டது. ஏறத்தாழ இருபது வருஷம் வழக்கும் கைகலப்பும் நடந்தன. கடைசியில் 1821-இல், தானும் கோல்ஃப் ஆடுபவரான ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அந்த இடத்தை விலைக்கு வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார்.

கதை இதோடு சுபமாக முடிகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல மனசுக்காரர் ஒருவர் வாங்கியதால் தப்பித்த பொது நிலம், அவர் வாரிசுகளின் மனசு மாறினால் என்ன ஆகும்? ஊர் அதையும் யோசித்தது. 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நகர சபை நிலத்தைத் திரும்பப் பெற்றது. 1974-இல் இன்னொரு சட்டம் வந்து, பராமரிப்பை ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்தது. அந்த ஏற்பாடுதான் இன்றும்.

முதல் குழிக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் கட்டடத்தைப் படத்தில் பார்ப்பவர்கள் மைதானம் அந்த கிளப்புடையது என்றே நினைப்பார்கள். இல்லை. 1754-இல் 22 கனவான்கள் தொடங்கிய அந்த கிளப் 2014 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. மைதானத்தில் பெண்கள் அதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தின் கதவு சாத்தியிருக்கலாம், புல்வெளிக்குத்தான் கதவே கிடையாதே.

இந்த வித்தியாசம் புரிய அமெரிக்காவின் பாபி ஜோன்ஸைப் பார்க்க வேண்டும். 1921-இல் 19 வயதில் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்தவர், பதினோராவது குழிக்குப் பக்கத்திலிருக்கும் மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, கோபத்தில் பந்தைக் கையில் எடுத்து ஆட்டத்தை முறித்தார். 1927-இல் திரும்பிவந்து அதே மைதானத்தில் ஓபனை வென்றார். 1958-இல் ஊர் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக்கியது. அமெரிக்கர்களில் அவருக்கு முன் அந்தக் கௌரவம் பெற்றவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1759-இல்.

ஜோன்ஸ் சொந்த நாட்டில் ஒரு மைதானம் அமைக்க நினைத்தபோது, ஓல்ட் கோர்ஸை அளந்து வரைபடமாக்கியிருந்த அலிஸ்டர் மெக்கன்ஸியைத்தான் துணைக்கு அழைத்தார். அப்படிப் பிறந்தது அகஸ்டா. விசாலமான புல்தரை, ஏற்ற இறக்கம் என்று செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து பலதும் அங்கே போயின. ஊரார் உரிமை மட்டும் போகவில்லை. அகஸ்டா ஒரு தனியார் கிளப். அங்கே முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990-இல், முதல் பெண்கள் 2012-இல். மேட்டையும் பள்ளத்தையும் நகலெடுத்துவிடலாம். 1552-ஆம் வருஷத்துப் பத்திரத்தை எப்படி நகலெடுப்பது?

செயின்ட் ஆண்ட்ரூஸை ரொம்பவும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் ஒருமுறை ஆட இன்று 300 பவுண்டுக்கு மேல் ஆகிறது. அதற்கும் பலர் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பொதுச் சொத்து என்பதால் எல்லாருக்கும் எட்டிவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால், யாரும் அதை விற்றுவிட்டுப் போய்விட முடியாது. கேள்வி கேட்க ஓர் ஊர் இருக்கிறது.

முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் குறுக்கே கடற்கரைக்கு ஒரு பாதை போகிறது. பொதுவழி. ஆட்டம் நடக்கும்போதே சாதாரண ஜனங்கள் அதைக் கடந்து போவார்கள். பெரிய போட்டிகள் இருந்தாலொழிய, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டமும் கிடையாது. அன்று உலகப் புகழ்பெற்ற அந்தப் புல்லின்மேல் நாய்கள் ஓடும், குழந்தைகள் உருளுவார்கள், கிழவர்கள் கடலைப் பார்த்தபடி மெதுவாக நடப்பார்கள். கட்டணம் இல்லை. காற்று மட்டும் வழக்கம்போல.