சைனாடவுனும் சேமநிதியும்

சிங்கப்பூர்த் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் காணும் மாதப் பிடித்தத்தை வரி என்று எண்ணுவோர் இன்றும் உளர். வருமான வரி சிங்கப்பூரில் 1948ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் அது பொதுவாகச் சம்பளத்தில் பிடிக்கப்படுவதில்லை. ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்ட பின்னரே செலுத்தப்படுகிறது. மாதந்தோறும் பிடிக்கப்படுவது மத்திய சேமநிதிச் சந்தா. அது தொழிலாளியின் பெயரிலேயே வட்டியுடன் சேர்ந்து வரும் பணமாகும்.

இப்பணம் எத்தகைய வாழ்க்கைக்கு நடுவே பிறந்தது என்பதை அறியச் சைனாடவுனை நோக்க வேண்டும். 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் நிற்கும் சவுத் பிரிட்ஜ் சாலையை அடுத்த தெருக்களில், கடைவீடுகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அப்பகுதியின் அப்பர் நான்கின் தெருக் குடும்பங்களை ஆராய்ந்து பாரிங்டன் கே 1960இல் வெளியிட்ட நூல் அந்த நெருக்கடிக்குச் சான்று. முதுமையில் பிள்ளைகளே துணை. துணையற்ற ஏழைகள் தம் இறுதி நாட்களைக் கழிக்கச் சாகோ சந்தில் மரண விடுதிகள் இருந்தன. அவை 1961இல்தான் தடை செய்யப்பட்டன.

1955 ஜூலை முதல் நாள் சேமநிதி நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5. நூறு வெள்ளிச் சம்பளக்காரரின் கணக்கில் மாதம் பத்து வெள்ளி சேர்ந்தது. 55 வயதில் அதனைப் பெறலாம் என்பது ஏற்பாடு. பிரிட்டன் 1946இல் இயற்றிய சட்டம் அனைவரின் சந்தாவையும் ஒன்றாக்கித் தேவையுற்றோர்க்கு வழங்கும் காப்புறுதியை அமைத்தது. சிங்கப்பூரோ, மலாயா 1951இலும் இந்தியா 1952இலும் கண்ட சேமநிதி வழியையே மேற்கொண்டது. அவரவர் உழைப்பு அவரவர்க்கே. இதில் நேர்மை உண்டு. ஆனால் குறைந்த கூலி பெற்றவருக்குக் குறைந்த சேமிப்பே மிஞ்சியது. திரிஷா ஓட்டியவருக்கும் தெருவோரம் உணவு விற்றவருக்கும் சந்தா கட்ட முதலாளியே இல்லை. சாகோ சந்தின் விடுதிகளுக்குச் சென்றோர் பெரும்பாலும் இத்தகையோர் அல்லரோ?

1968இல் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீவக வீடு வாங்க அனுமதி கிடைத்தது. சிற்றறைவாசிகள் பலர் குவீன்ஸ்டவுன், தோ பாயோ போன்ற புது நகர்களில் குடியேறினர். வாடகையாகப் போயிருக்கும் கூலி சொந்த வீடாயிற்று. முதுமைக்கென வைத்த பணத்தில் ஒரு பகுதி சுவராக மாறியது என்பதும் உண்மையே.

1984இல் இருதரப்புச் சந்தாவும் தலா 25 விழுக்காட்டை எட்டியது. மறு ஆண்டே பொருளியல் தேக்கம். 1986இல் முதலாளியின் பங்கு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளியின் 25 அப்படியே நின்றது. கையில் வாங்கும் சம்பளம் குறையாததால் இழப்பின் அளவைப் பலர் உடனே உணர்ந்திருக்க மாட்டார்கள்.

சம்பளச் சீட்டில் இந்தியர்க்கு மற்றொரு வரியும் உண்டு. 1991இல் அமைந்த சிண்டாவுக்கான சந்தா அது. சேமநிதிக் கழகத்தின் வழியே வசூலாகும் அச்சிறு தொகை, கொடுத்தவரின் கணக்கிற்குத் திரும்புவதில்லை. இந்திய மாணவரின் துணைப்பாட வகுப்பு முதலியவற்றுக்குச் செல்கிறது. விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.