மௌஸ்

அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மேன் எழுதி வரைந்த சித்திரக்கதை. ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய தந்தை விளாடெக்கின் நினைவுகளே கதை. 1980 முதல் 'ரா' இதழில் தொடராக வந்து, 1986, 1991 ஆண்டுகளில் இரு பாகங்களாக நூலானது.

சித்திரக்கதைக்காரர்கள் பொதுவாகப் பெரிய தாளில் வரைந்து அச்சில் சுருக்குவார்கள். கைநடுக்கமும் பிசிறும் அதில் மறையும். ஸ்பீகல்மேன் அச்சாகும் அளவிலேயே மைப்பேனாவால் வரைந்தார். கோடுகள் நாட்குறிப்பின் கையெழுத்துப்போலத் தெரிவது அதனால்தான்.

கதையில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர் பூனைகள், போலந்துக்காரர் பன்றிகள். போலந்தியராக நடித்துத் தப்பும் எலி பன்றி முகமூடி அணிகிறது. பின்னால் கட்டிய கயிறும் வரையப்பட்டிருக்கிறது. இனப் பாகுபாடே முகமூடிதான் என்பதற்கு அந்தக் கயிறு போதும். எல்லா வாசகரும் அப்படிப் படிக்கவில்லை. பன்றி உருவத்தை இழிவாகக் கருதிய சிலர், 2001இல் போலந்துப் பதிப்பு வெளியானபோது நூலை எரித்தனர். நியூயார்க் டைம்ஸ் இரண்டாம் பாகத்தை அதிகம் விற்கும் நூல்களில் முதலில் புனைவுப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பீகல்மேன் கடிதம் எழுதிய பின்னரே மாற்றியது. 1992இல் மௌஸ் சிறப்பு புலிட்சர் பரிசு பெற்றது. 2022இல் டென்னசி மாநிலத்தின் மெக்மின் மாவட்டப் பள்ளி வாரியம், வசைச்சொற்களையும் ஒரு நிர்வாணச் சித்திரத்தையும் காரணம் காட்டிப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது; விற்பனை எகிறியது.