ஏக்கலையின் நூறு கிலோவாட்

கொழும்பு நகரில் வானொலி பிறந்தது 1925ஆம் ஆண்டிலாகும். தந்தித் துறைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் ஊக்கத்தினால் அது தோன்றிற்று. முதற் சோதனைகளுக்குக் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புக்களே உதவின என்பர். வெள்ளவத்தை வீடுகளுக்கும் கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கும் செய்தியும் இசையும் சேர்ப்பதற்குச் சிறிய நிலையம் போதுமானதாயிருந்தது.

பெரிய கருவி வந்தது போரினால். 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. தூரக் களங்களிலிருந்த படைவீரருக்காகக் கொழும்பிலிருந்து 'ரேடியோ சீயாக்' ஒலித்தது. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட நூறு கிலோவாட் சிற்றலைக் கருவி முழு வலிமையோடு இயங்கத் தொடங்கியபோது ஆண்டு 1946. போரோ முந்திய ஆண்டிலேயே முடிந்துவிட்டது! வீரர்கள் வீடு திரும்பினர். கருவி மட்டும் எஞ்சியது.

1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. கொழும்பு வானொலி, 'ரேடியோ சிலோன்' ஆயிற்று. இங்கேதான் சிக்கல் எழுந்தது. சிற்றலை வானில் மோதித் தொலைவிலே சென்று இறங்கும் இயல்பினது. அண்மையிலுள்ள வெள்ளவத்தைக்கு மத்திய அலையே ஏற்றது. தன் வீட்டாருக்குப் பெரிதும் பயன்படாத யானையைக் கட்டித் தீனி போடுவது எவ்வாறு?

விடை, கருவியின் நேரத்தை விலைக்கு விடுவது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டாட் என்பார் பொறுப்பேற்க, 1950 செப்டெம்பர் 30ஆம் நாள் வர்த்தக சேவை தொடங்கியது. ஒரு கருவி ஒரு வேளையில் ஒரு நிகழ்ச்சியையே சுமக்கும். ஆகவே நாளின் மணிகளை ஆங்கிலத்திற்கு இத்தனை, இந்திக்கு இத்தனை, தமிழுக்கு இத்தனை எனப் பங்கிட வேண்டியதாயிற்று. பகலில் உயர்ந்த அதிர்வெண், இரவில் தாழ்ந்த அதிர்வெண் என வானின் போக்கிற்கேற்ப அலைவரிசையையும் மாற்ற வேண்டும். கல்விமான்களின் உரைகளும் கருநாடக இசையும் தேசிய சேவைக்குரியனவாய் நின்றன. திரையிசையை ஏளனம் செய்தோரும் உண்டு. ஆயினும் விளம்பரப் பணத்தை ஈட்டித் தந்தது அத்திரையிசைதான்.

காலமும் துணை செய்தது. 1952இல் இந்தியாவின் தகவல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். அதே ஆண்டில் 'பினாக்கா கீத்மாலா' கொழும்பிலிருந்து கிளம்பியது. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்த நாடாக்கள் விமானத்தில் வந்து, ஏக்கலை வழியாக மீண்டும் இந்தியாவுக்கே பறந்தன. டில்லி விழித்துக்கொண்டு 'விவித் பாரதி'யை நிறுவியது 1957இல்.

தமிழுக்குக் கிடைத்த பங்கு சிறிதன்று. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழகத்துச் சிற்றூர்களிலும் பழகிய குரலாயிற்று. வர்த்தக சேவை ஒலிபரப்பாளரின் மேசைமீது குவிந்த நேயர் கடிதங்களில் மதுரை, திருநெல்வேலி முத்திரைகளும் இருந்தன.